பூட்டிய வாசலுக்கு வந்த தீர்ப்பு

காரைக்குடி வக்கீல் சகாய ஆண்டனியின் பெயர்ப்பலகையில் ஒரு காலத்தில் 'சிவில், கிரிமினல், நோட்டரி' என்று மூன்றே வார்த்தைகள்தான் இருந்தன. நாச்சியாபுரம் முத்தரசு மிளகாய் ஏற்றுமதி ஆரம்பித்து, அதற்கான ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று இவரிடம் கொண்டுவந்த வாரமே, பெயிண்டரைக் கூப்பிட்டு நாலாவதாக 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்துக்கொண்டார். பலகையில் இடம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்தும் மரவிளிம்பில் ஏறி, கீழே விழாமல் தொற்றிக்கொண்டிருந்தன.

ஒப்பந்தத்தை அவர் படித்தது உண்மைதான். விலை, எடை, ஈரப்பதம் வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததை மட்டும், "இது எல்லாத்துலயும் போடுறதுதான்" என்று தள்ளிவிட்டார். தகராறு என்று வந்தால் லண்டனில் மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள், அது இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று அந்த எறும்புகள் சொல்லிக்கொண்டிருந்தன.

முத்தரசு சம்சாரி, வெள்ளாமைக்காரர். நாச்சியாபுரத்தில் கிணற்றுப் புஞ்சை. அதில் முண்டு மிளகாய். அக்கம்பக்கத்துக் காடுகளில் விளைவதையும் வாங்கிச் சேர்ப்பார். ஹாலந்துக் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுக்கத் தயாராக இருந்தது. விலாசம்தான் இடித்தது.

"நாச்சியாபுரம், ஊருணிக்குப் பின்னாலன்னு போட்டா ஹாலந்துக்காரன் என்ன நெனப்பான்?" என்றார் ஆண்டனி. "ஒரு கம்பீரம் வேணும் முத்தரசு."

கம்பீரம் கானாடுகாத்தானில் வாடகைக்குக் கிடைத்தது. பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பங்காளிகள் எட்டுப் பேர். முன்கதவுச் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குள் மனஸ்தாபம். ஆகவே முன்கதவு திறப்பதே இல்லை. பின்கட்டை முத்தரசுக்குக் குடோனாக விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காளியாயிக்கும் பின்கட்டில்தான் ஜாகை. ஆண்டனி போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், தூணும் சுதை யானையும் மேலே லட்சுமியும் தெரிகிற மாதிரி முன்வாசலைப் படம் பிடித்து, முத்தரசின் லெட்டர்ஹெட்டில் அச்சடிக்க வைத்தார். மிளகாய் பின்வாசல் வழியாகப் போனது. கடிதம் முன்வாசலைச் சுமந்துகொண்டு போனது.

தொண்ணூற்றாறில் போன சரக்கு நனைந்துவிட்டது என்று ஹாலந்துக்காரர்கள் சொன்னார்கள். தூத்துக்குடியில் ஏற்றும்போது காய்ந்த மிளகாய்தான் என்று சர்வேயர் கொடுத்த சான்றிதழ் முத்தரசிடம் இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்யா" என்று அதைக் கொண்டுவந்து ஆண்டனியிடம் கொடுத்தார். ஆண்டனி பீரோவில் வைத்தார். பத்திரமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஒருநாள் அந்திக் கருக்கலில் கூரியர்காரர் ஒருவர் லெட்டர்ஹெட்டில் உள்ள வாசலைத் தேடி வந்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த காளியாயி, "பின்னாடி தெருவுக்குப் போங்கய்யா" என்று அனுப்பிவைத்தாள். முத்தரசு கவரை வாங்கவில்லை. எதையும் வக்கீலைக் கேட்டுச் செய்கிறவர் அவர். எதிர்க் கடையிலிருந்து போன் போட்டு, ஆண்டனி கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே கூப்பிட்டார்.

கல்யாண வீட்டு போன் கூடத்தின் நடுவில் இருந்தது. இடைப்பலகாரம் முடித்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்: ஓய்வுபெற்ற தாசில்தார், பாங்க் மேனேஜர், சம்பந்திமார். ஆண்டனிக்குக் கூட்டத்தைப் பார்த்தால் குரல் தானாக ஒரு கட்டை ஏறும்.

"என்னது, லண்டன்லேருந்தா?" என்றார், கூடத்துக்கே கேட்க. "அவன் நம்மள விசாரிக்கிற காலமெல்லாம் நாப்பத்தேழோட முடிஞ்சுபோச்சு முத்தரசு. வாங்காதீக. வாங்குனாத்தான் ஒத்துக்கிட்ட மாதிரி. வீடு பூட்டியிருக்குன்னு எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்க. எப்ப வந்தாலும் அதே பதில்தான்."

கூடம் சிரித்தது. தாசில்தார் தொடையில் தட்டினார். அங்கே கூரியர்காரருக்கு முத்தரசு காப்பி வாங்கிக் கொடுத்து, சொன்னபடியே எழுதச் சொன்னார். அடுத்தடுத்து வந்த கவர்களும் அதே காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயின.

லண்டனில் மூன்று பேர் உட்கார்ந்து முத்தரசுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, அவர் இல்லாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஹாலந்துக் கம்பெனி அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு சிவகங்கை ஜில்லா கோர்ட்டுக்கு வந்தது, இங்கே நிறைவேற்றித் தாருங்கள் என்று. மெட்ராஸ் வக்கீல் ஒருவர் ஏசி காரில் வந்து மனுத் தாக்கல் செய்தார்.

ஆண்டனி அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறி, மத்தியஸ்தத்துக்கென்று வந்திருந்த புதுச் சட்டத்தின் புத்தகத்தை வாங்கினார். வெளிநாட்டு மத்தியஸ்தத் தீர்ப்பை நம் ஊர் கோர்ட்டு ஏற்றுக்கொண்டால், அது இந்தக் கோர்ட்டே போட்ட டிக்ரி மாதிரியே நிலத்தின் மேல் பாயும் என்று புத்தகம் சொன்னது. ஏற்கமாட்டேன் என்று சொல்ல சில காரணங்கள்தான் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. அந்தப் பேச்சு லண்டனிலேயே முடிந்துபோயிற்று. அப்புறம் அவர் தீர்ப்பைப் படித்தார். நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: சரக்கு ஏற்றப்பட்டபோது என்ன நிலையில் இருந்தது என்பதற்கு விற்றவர் எந்த ஆதாரமும் எங்கள்முன் வைக்கவில்லை. ஆண்டனி தலையைத் திருப்பிப் பீரோவைப் பார்த்தார். எழுந்துபோய்த் திறந்து பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

அதிலிருந்து அவரால் மிளகாய் சாப்பிட முடியவில்லை. பறிப்புக்குப் பறிப்பு முத்தரசு ஒரு பை முண்டு மிளகாய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்த மிளகாயில் வைத்த குழம்பு வந்தால் தட்டைத் தள்ளிவைத்தார். டாக்டர் காரம் ஆகாது என்று சொல்லிவிட்டதாக மனைவி பெல்சியிடம் ஒரு பொய்யைப் போட்டு, தயிர்ச் சோறும் மோர்ச் சோறுமாக நாளை ஓட்டினார்.

"எந்த டாக்டரு?" என்று பெல்சி கேட்டாள்.

"மதுரைல."

"மதுரைக்கு எப்பப் போனீக?"

"புத்தகம் வாங்கப் போனப்ப."

சட்டப் புத்தகம் வாங்கப் போன இடத்தில் வயிற்றைக் காட்டிவிட்டு வருகிற மனுஷனை பெல்சி ஒரு பார்வை பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவும் அவருக்கு உறுத்தியது.

புத்தகத்திலிருந்த காரணங்களில் ஒன்றே ஒன்றுதான் ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸே முறையாகப் போய்ச் சேரவில்லை என்றால், கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ஏற்க மறுக்கலாம். ஆண்டனி பிரமாணப் பத்திரம் தயாரித்தார். மேற்படி வீடு நீண்டகாலமாகப் பூட்டப்பட்டு, மனித நடமாட்டமற்று இருக்கிறது. எந்த நோட்டீஸும் எதிர்மனுதாரர் பார்வைக்கு வரவில்லை. இங்கிலீஷில் நன்றாகவே வந்திருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு முத்தரசிடம் நீட்டினார்.

"ஒரு தடவ படிச்சிருங்க முத்தரசு."

"நீக படிச்சா நான் படிச்ச மாதிரிதானய்யா." போட்டுவிட்டார்.

இதைச் சொன்னது ஒரு தந்திரக்காரனாக இருந்திருந்தால் ஆண்டனிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு பூட்டிக் கிடக்கிறதா, ஆள் புழங்குகிறதா என்று பார்த்துவர கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. மரிய அனிதா என்ற இளம் வக்கீல். அதிகம் பேசாத, நிறைய எழுதுகிற பெண். அவர் வருவதற்கு நாலு நாள் முன்பு ஆண்டனி கானாடுகாத்தான் போய் முன்வாசலைச் சுற்றிப் பார்த்தார். குமாஸ்தாவை விட்டுப் பூட்டுக்கு உப்புத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், துருப்பிடிக்கட்டும் என்று. முப்பது வருஷம் திறக்காத பூட்டு அது. துருவுக்குக் குறைவே இல்லை. பிறகுதான் காலடியில் பார்த்தார். பெரிய புள்ளிக் கோலம். அன்று காலையில் போட்டது.

காளியாயியைக் கூப்பிட்டார். பின்தெருவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள்.

"இத யாரு போட்டா?"

"நாந்தேன். வேற யாரு, அந்த யானையா?"

"முன்கதவுதான் தெறக்குறதே இல்லையே காளியாயி. எதுக்குக் கோலம்?"

"கதவுக்கா போடுறாக, வாசலுக்குல்ல போடுறாக. இந்த வீட்டு ஆச்சி மெட்ராசுக்குப் போகையில ஒண்ணே ஒண்ணுதேன் சொல்லிட்டுப் போனாக. முன்வாசல் ஒருநாளும் வெறிச்சுன்னு கெடக்கப்படாதுன்னாக. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட வந்து ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிருக்கேன்."

"ஒரு நாலு நாளைக்குப் போடாத."

காளியாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், வீட்டுல எழவா விழுந்துருக்கு?"

"அதெல்லாம் இல்ல. கோர்ட்டுலேருந்து பாக்க வர்றாக. யாரும் புழங்காத வீடு மாதிரி இருக்கணும். முத்தரசு நெலம் இதுலதான் இருக்கு."

முத்தரசு பெயரைச் சொன்னதும் அவள் முகம் இளகியது. "அவுகளுக்குன்னா சரி," என்றாள். "ஆனா இது நல்லால்ல வக்கீலய்யா."

நல்லா இல்லை என்பது ஆண்டனிக்கும் தெரியும். அது கோலத்தோடு நின்றிருந்தால் தேவலை.

நாலாம் நாள் காலையில் கமிஷனர் வந்தார். ஆண்டனி, முத்தரசு, மெட்ராஸ் வக்கீலின் ஜூனியர் எல்லோரும் முன்வாசலில் கூடி நின்றார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தது. பூட்டில் துரு. தூணில் ஒட்டடை. படியில் வேப்பஞ்சருகு. வாசல் வெறிச்சென்று கிடந்தது. மரிய அனிதா எழுதிக்கொண்டே இருந்தார். ஆண்டனி தொண்டையைச் செருமி, "பார்த்தீங்களா மேடம், காலத்தின் கை ஒன்றைத் தவிர வேறு எந்தக் கையும் படாத இல்லம்," என்றார். அவர் அதை எழுதவில்லை.

அப்போது தெருமுனையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. பின்னால் ஆண்கள் துண்டைக் கையில் பிடித்தபடி, பேசாமல் வந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் வாசலைப் பார்த்தாள், வெறும் தரையைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து, "என்னப் பெத்த மகராசி" என்று எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வந்த ஆண்களில் ஒருவர் கூப்பிய கையோடு ஆண்டனியிடம் வந்து, சத்தத்தைத் தணித்து, "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டார்.

"எதை?"

"பொணத்தை. ஆச்சி போயிட்டாகளாம்ல. நாலு நாளா வாசல்ல கோலமில்ல. இந்த வாசல்ல கோலமில்லாம நாங்க பாத்ததே கெடையாது. மெட்ராசுலேருந்து இன்னம் கொண்டாரலையா?"

துட்டி கேட்க வந்த கூட்டம். அதற்குள் எஸ்டிடி பூத்துக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். "அட, அழுகைய நிறுத்துங்க. இப்பத்தேன் மெட்ராசுக்குப் போன் போட்டேன். ஆச்சியே எடுத்தாக."

"என்ன சொன்னாக?"

"நான் இன்னும் கெளம்பல, கெளம்பினா சொல்லி அனுப்புறேன்னாக. கோலத்த எவன் நிறுத்துனான்னு கேட்டாக."

எல்லோர் பார்வையும் காளியாயி மேல் திரும்பியது. சத்தம் கேட்டு அவள் பின்தெருவிலிருந்து ஓடி வந்திருந்தாள். ஆச்சி செத்ததாக ஊர் நம்பியதும், அதற்குத் தான் காரணமானதும் சேர்ந்து அவளைக் கலக்கிவிட்டிருந்தன.

"யாரும் சாகல ஆத்தா, எந்திரிங்க," என்றாள். "நான் நிறுத்தல. இந்த வக்கீலய்யாதேன், கோர்ட்டுலேருந்து வர்றாக, நாலு நாளைக்கு வேணாம்னாக. அன்னாடம் கூட்டித் தெளிக்கிற வாசலு, என் கைதேன் போடாம கூசிப்போச்சு."

மரிய அனிதா பேனாவை மூடவில்லை. "நீங்க அன்னாடம் இங்க வருவீங்களா?" என்று காளியாயியிடம் கேட்டார்.

"ரெண்டு வேள."

"கடுதாசி, கூரியர் ஏதாச்சும் வந்தா?"

"பின்னாடி தெருவுக்குப் போங்கம்பேன். அங்கதான முத்தரசய்யா இருப்பாக."

ஆண்டனி முத்தரசைப் பார்த்தார். முத்தரசு உட்கார்ந்து அழுத பெண்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தன் வழக்கு அந்த இடத்தில் படுத்துவிட்டது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. திரும்பியபோது வக்கீலிடம் சொன்னது இவ்வளவுதான்: "காளியாயியத் திட்டிராதீகய்யா. அது பொய் சொல்லத் தெரியாத சென்மம்."

சிவகங்கையில் விசாரணை. மெட்ராஸ் வக்கீல் கமிஷனர் அறிக்கையை வாசித்தார். பிறகு முத்தரசின் லெட்டர்ஹெட்டைத் தூக்கிக் காட்டினார். ஆண்டனி ஆசையாக எடுக்க வைத்த படம். தூண், யானை, லட்சுமி, அடியில் தெள்ளத் தெளிவாக ஒரு கோலம். "நடமாட்டமற்ற வீடு, யுவர் ஆனர்," என்று சொல்லிவிட்டு, முத்தரசைக் கூண்டில் ஏற்றச் சொன்னார்.

ஆண்டனி முதல் நாள் முத்தரசுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பதில்: தெரியாது. எதைக் கேட்டாலும் தெரியாது.

"வீடு பூட்டியிருக்கிறது என்று கூரியர்காரரை எழுதச் சொன்னது யார்?"

முத்தரசு ஒரு தடவை ஆண்டனி இருந்த பக்கம் பார்த்தார். மிளகாயைக் கையில் உடைத்துக் காய்ந்த பதம் பார்க்கும்போது அவர் பார்க்கிற பார்வை.

"நாந்தாங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. வெளிநாட்டுக் கவரு, பயமாப் போச்சு. நானாத்தான் வாங்கல."

ஜட்ஜ் குறுக்கிட்டார். "உங்களுக்கு வக்கீல் இருக்கிறாரே. அவரைக் கேட்கவில்லையா?"

"வக்கீலய்யா அன்னைக்கு ஊர்ல இல்லீங்க. கல்யாணத்துக்குப் போயிருந்தாக."

"நோட்டீஸே வரவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"படிக்காமப் போட்டேங்க. அதுவும் என் தப்புத்தான்."

ஜட்ஜ் முத்தரசைப் பார்த்தார். அப்புறம் ஆண்டனியைப் பார்த்தார். "நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா, கவுன்சல்?"

ஆண்டனி எழுந்தார். வாழ்க்கையில் பேசியதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்கு ஒத்திகை என்பதுபோல வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. கல்யாண வீடு. போன். தாசில்தாரின் தொடை. அதைச் சொன்னாலும் தீர்ப்பு மாறப்போவதில்லை என்று சட்டம் தெரிந்த மூளை உடனே ஒரு பாயிண்டை எடுத்துக் கொடுத்தது: சொந்த வக்கீலின் மடத்தனம் தீர்ப்பை மறுக்கக் காரணமாகாது. பாயிண்டு சரிதான். அதைப் பிடித்துக்கொண்டார்.

"நோ கொஸ்டின்ஸ், யுவர் ஆனர்," என்றார். உச்சரிப்பு மிக அழகாக இருந்தது.

கோர்ட்டு லண்டன் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. வெளியே டீக்கடையில் முத்தரசு இரண்டு டீ சொன்னார். ஆண்டனி டம்ளரை வாங்கிப் பெஞ்சில் வைத்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீக?"

"எப்படிச் சொன்னாலும் நெலம் போகத்தான் போகுதுன்னு அந்த மெட்ராஸ்காரரு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. ஒங்க பேரும் சேந்து போகணுமா? நாளப்பின்ன ஒங்ககிட்ட யாரு வருவா?" டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நிக்கட்டும்."

ஆண்டனி அந்த வாரம் சர்ச்சில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் மட்டும் முழங்காலிடுகிறவர் நடுவில் வந்ததே பங்குச்சாமியார் ஆன்றோவுக்கு விசித்திரமாக இருந்தது.

"சாமி, ஒரு வக்கீல். அவருக்கு ஒரு கட்சிக்காரர். அந்த வக்கீல், நல்லெண்ணத்தின் அடிப்படையில், ஆனால் போதிய சட்ட ஆராய்ச்சி இல்லாமல், ஒரு ஆலோசனை வழங்கிவிட்டார். அதன் விளைவாக மேற்படி கட்சிக்காரருக்கு நஷ்டம். இதில் வக்கீலுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பு என்று..."

"யாரு அந்த வக்கீல்?"

"ஒரு வக்கீல், சாமி."

தட்டிக்குப் பின்னால் சாமியார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அவரையே வரச் சொல்லுங்க. வாய்தா வாங்க ஒங்கள அனுப்பியிருந்தா, இங்க அது செல்லாது. அந்தக் கட்சிக்காரரு ஊர்லதான இருக்காரு?"

"இருக்கிறார்."

"அப்ப வக்கீல மொதல்ல அங்க போகச் சொல்லுங்க. அப்புறம் இங்க."

போவதற்கு அவருக்கு ஒரு நாள் தானாகவே வந்தது. கிணற்றுப் புஞ்சையை ஜப்தி செய்யக் கோர்ட்டு அமீனா சத்தியமூர்த்தி நாச்சியாபுரம் போகிறார் என்று குமாஸ்தா சொன்னான். ஜப்தியை நிலத்திலேயே தமுக்கு அடித்துச் சொல்லவேண்டும் என்பது சட்டம். ஆண்டனி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மிளகாய் செக்கச்செவேலென்று நின்றது. முத்தரசும் அவர் மனைவி துர்காதேவியும் வரப்பில் நின்றார்கள். துர்காதேவியின் மடியில் பறித்த மிளகாய். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தமுக்கு அடிக்கிற மருது தோலை வெயிலுக்குக் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அமீனாவின் கையில் உத்தரவு. இங்கிலீஷில்.

"நல்ல வேள, நீங்களே வந்துட்டீக சார்," என்றார் அமீனா. "இதைத் தமிழ்ல ரெண்டு வரியாச் சொல்லுங்க. மருது சாத்திருவாரு."

ஆண்டனி உத்தரவை வாங்கினார். வாசிக்கவில்லை. மருதுவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணக் கூடத்தில் பேசுகிற குரலில் அல்ல, சாதாரணக் குரலில் சொன்னார்:

"இப்படிச் சொல்லுங்க. நாச்சியாபுரம் முத்தரசு, காரைக்குடி வக்கீல் சகாய ஆண்டனி சொன்ன தப்பான புத்தியக் கேட்டு, லண்டன்லேருந்து வந்த நோட்டீஸை வாங்காம விட்டதால, கைவசம் ஆதாரம் இருந்தும் காட்ட முடியாமப் போயி, அந்தத் தீர்ப்புப்படி இந்தக் கிணற்றுப் புஞ்சை..."

"சார்," என்றார் அமீனா. "உத்தரவுல அந்த வக்கீல் சமாச்சாரம் இல்லையே."

"இல்லதான். அதுதான் நடந்துச்சு. சேத்துச் சொல்லட்டும்."

முத்தரசு தரையைப் பார்த்துக்கொண்டு, "எதுக்குய்யா இப்ப அதெல்லாம்," என்றார்.

மருதுதான் முடித்துவைத்தார். "அய்யா, கோவிச்சுக்கிறாதீக. அம்புட்டு நீளத்துக்கு மூச்சுப் பத்தாது. தமுக்குக்கு மூணு சேதிதேன். யாரு நெலம், யாரு பிடிச்சது, என்ன செய்யப்படாது. மத்த கதையெல்லாம் சனங்களுக்கு எதுக்கு?" சொல்லிவிட்டு அடித்தார். கிணற்றுமேட்டில் மேய்ந்த கொக்குகள் எழும்பின.

"முத்தரசு கெணத்துப் புஞ்சையக் கோர்ட்டு பிடிச்சிருக்கு. எழுதிக் குடுக்கப்படாது, எழுதி வாங்கப்படாது. பெறகு தெரியாதுன்னு யாரும் சொல்லப்படாதோய்."

எத்தனையோ மேடையில் தன் பெயரை நீட்டி முழக்கச் சொல்லி ஆட்களுக்குக் கண் காட்டியவர் ஆண்டனி. வேண்டும் என்று கேட்ட ஒரே இடத்தில், நீளம் என்று வெட்டிவிட்டார்கள். மருது நாலு மூலைக்கும் போய் அதையே சாற்றினார். ஆண்டனி பின்னாலேயே போனார், ஏதாவது ஒரு மூலையில் சேர்த்துவிடமாட்டாரா என்று. சேர்க்கவில்லை. அமீனா உத்தரவின் நகலைக் கிணற்றுச் சுவரில் ஒட்டிவிட்டு மணியைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. துர்காதேவி ஒரு மஞ்சப்பையில் மிளகாயைக் கட்டி ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்தாள். ஆண்டனியிடம் அவள் அதிகம் பேசியதில்லை. பையை ஹாண்டிலில் மாட்டினாள்.

"நிக்கிற வெள்ளாமையப் பறிச்சுக்கலாம்னு அமீனா சொன்னாரு," என்றாள். "அதான்." முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "இப்பச் சொன்னத அன்னைக்குக் கோர்ட்டுல சொல்லிருக்கலாம்ல வக்கீலய்யா. நெலத்துக்காகச் சொல்லல. அவுக அந்தக் கூண்டுல தனியா நின்னாக."

சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சப்பையைச் சமையல்கட்டில் வைத்தார். பெல்சி பிரித்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அவருக்குத் தனியாகத் தயிரை எடுத்தாள்.

"அதை வச்சிரு. இந்த மொளகாயில கொழம்பு வையி. காரமா வையி."

"டாக்டரு ஆகாதுன்னாருல்ல?"

ஆண்டனி மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டரு ஒண்ணும் சொல்லல பெல்சி," என்றார். "நானாத்தான் சொன்னேன்."

பெல்சி அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு மிளகாயைக் காம்பு கிள்ளினாள். "அப்ப உக்காருங்க," என்றாள். "மிச்சத்தையும் சொல்லுங்க."